ஜாவாவா, டாட் நெட்டா, நோடா: புளியரை வாசகிக்குப் பதில்

கேள்வி: செங்கோட்டை பக்கம் புளியரை எங்கள் ஊர். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டேன். காலேஜில் சி, கொஞ்சம் ஜாவா, கொஞ்சம் எஸ்க்யூஎல் படித்தோம். ஆறு மாதத்துக்குள் வேலைக்குப் போயாக வேண்டும். கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன் அண்ணன் டாட் நெட் படி என்கிறார். கூடப் படித்தவர்கள் தென்காசிப் பக்கம் ஜாவாதான் எடுபடும் என்கிறார்கள். யூடியூபைத் திறந்தால் நோட், ரியாக்ட் என்றே வருகிறது. மூன்றையும் மாற்றி மாற்றிப் படித்துப் பார்த்தேன், எதுவும் மனதில் நிற்கவில்லை. லேப்டாப் ஐ3, 8 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். திருவனந்தபுரத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் டாட் நெட் ஃபுல் ஸ்டாக் கோர்ஸுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள், வேலைக்கு உத்தரவாதம் என்கிறார்கள். எதைப் படிக்கட்டும்? அங்கே சேரலாமா?

அன்புத் தங்கைக்கு,

ஜாவா படியுங்கள். அதோடு ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் கட்ட உதவும் ஸ்பிரிங் பூட், டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரஸ் அல்லது மைஎஸ்க்யூஎல் இரண்டில் ஒன்று. ஆறு மாதத்துக்கு வேறு பக்கம் திரும்பாதீர்கள். மூன்றில் ஜாவா உசத்தி என்பதால் இதைச் சொல்லவில்லை. பில்லிங், டிக்கெட் புக்கிங், வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரிப் பதிவு என எதை எடுத்தாலும் இந்த மூன்றிலும் நன்றாகச் செய்யலாம். உங்களுக்கு எது சரி என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, எந்தெந்த ஊருக்கு வேலைக்குப் போக முடியும், சிக்கிக்கொண்டால் கேட்க யார் இருக்கிறார்கள்.

கையில் இருப்பது ஜாவா. கொஞ்சமாக இருந்தாலும் கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்டர்ஃபேஸ் எல்லாம் ஒருமுறை காதில் விழுந்திருக்கும். இரண்டாம் முறை படிக்கும்போது அது பாதி நாளை மிச்சப்படுத்தும்.

ஊரைப் பார்ப்போம். தென்காசியை ஒட்டி மத்தளம்பாறையில் இருக்கும் சோஹோ ஜாவாவில் ஊறிய நிறுவனம். மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க்கில் ஜாவாவும் உண்டு, டாட் நெட்டும் உண்டு. கொச்சி இன்ஃபோபார்க்கிலும் அப்படித்தான். சென்னையில் எல்லாமே உண்டு. பெரிய சர்வீஸ் கம்பெனிகள் ஃப்ரெஷர்களை எடுக்கும்போது பெரும்பாலும் ஆப்டிட்யூட் தேர்வும், ஏதாவது ஒரு மொழியில் புரோகிராம் எழுதும் தேர்வும்தான் வைப்பார்கள், எந்தப் பிளாட்ஃபார்ம் என்று பார்க்கமாட்டார்கள். ஆக, டாட் நெட் படித்தால் திருவனந்தபுரம், கொச்சி, சென்னை. ஜாவா படித்தால் இந்த மூன்றோடு வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் தென்காசியும் சேரும். புளியரையிலிருந்து ஆரியங்காவு, தென்மலை தாண்டித் தினமும் கழக்கூட்டம் போய்வர முடியாது. ஹாஸ்டல் செலவும் கணக்கில் வரும்.

இதை என் பேச்சை நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டாம், நீங்களே எண்ணிப் பாருங்கள். டெக்னோபார்க், இன்ஃபோபார்க் இரண்டுக்கும் தங்கள் இணையதளத்திலேயே வேலைவாய்ப்புப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்தும், தென்காசி, சென்னைக்கு வழக்கமான வேலைத் தளங்களிலிருந்தும் மொத்தம் 40 விளம்பரங்கள் எடுங்கள். அனுபவம் 0 முதல் 1 வருடம் என்று போட்டிருப்பதை மட்டும் சேருங்கள். ஐந்து வருட அனுபவம் கேட்பது உங்கள் சந்தை இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஊர், பிளாட்ஃபார்ம், டேட்டாபேஸ், கூடக் கேட்பது என்று நான்கு கட்டம் போட்டு நிரப்புங்கள். ஒரே நாளில் முடிந்துவிடும். நீங்கள் போகத் தயாராக இருக்கும் ஊர்களில் டாட் நெட் ஜாவாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் வந்தால் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குக் குறைவான வித்தியாசம் என்றால் ஜாவாவிலேயே நில்லுங்கள்.

எண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள். விளம்பரத்தில் வெப் ஃபார்ம்ஸ் என்றோ, ஸ்ட்ரட்ஸ், ஜேஎஸ்பி என்றோ இருந்தால் அது பழைய சாஃப்ட்வேரைப் பராமரிக்கும் வேலை. மோசமான வேலை இல்லை, ஆனால் அதற்காக அதைப் படிக்கத் தொடங்காதீர்கள். வேலையில் சேர்ந்தபின் கற்றுக்கொள்ளலாம்.

அண்ணன் சொல்வது தவறான யோசனை இல்லை. டாட் நெட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2002-இல் வந்த டாட் நெட் ஃபிரேம்வொர்க் அப்படி இருந்தது. 2016-இல் வந்த டாட் நெட் கோர் லினக்ஸிலும் ஓடும், ஓப்பன் சோர்ஸ். 2020-இல் 5-ஆம் பதிப்போடு ‘கோர்’ என்ற பெயரை விட்டுவிட்டார்கள். இப்போது ஆண்டுக்கு ஒரு பதிப்பு, நவம்பரில். இரட்டை எண் பதிப்புகளுக்கு மூன்று ஆண்டு ஆதரவு: 8 வந்தது 2023-இல், 10 வந்தது 2025-இல். டாட் நெட்டில் எழுதப் பயன்படும் சி ஷார்ப் மொழி சுத்தமாக வடிவமைக்கப்பட்டது; பல இடங்களில் ஜாவாவைவிட எழுதச் சுலபம்.

அதனால் அண்ணனிடம் நேராக ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், ஆறு மாதத்துக்கு, ஸ்கிரீன் ஷேர் போட்டு என் புரோகிராம் கோடைப் பார்த்துத் திருத்தித் தருவீர்களா?’ அவர் சரி என்று சொல்லி முதல் இரண்டு வாரம் சொன்னபடி வந்தால், டாட் நெட்டையே எடுங்கள். தனியாகப் படிப்பவருக்கு, தன் கோடைப் படித்துப் பார்க்கும் ஒரு ஆள் கிடைப்பது பிளாட்ஃபார்ம் வித்தியாசத்தைவிடப் பெரிய லாபம். வேலை அழுத்தத்தில் அவரால் முடியவில்லை என்றால் வருத்தம் வேண்டாம், எஸ்க்யூஎல்லிலும், கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டிலும் சந்தேகம் வரும்போது கேட்டுக்கொள்ளுங்கள். இவை இரண்டும் எல்லாப் பிளாட்ஃபார்முக்கும் பொது.

நோட் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரே மொழியில் முன்பக்கமும் பின்பக்கமும் எழுதலாம் என்பது உண்மையான வசதி. ஆனால் அந்தக் கோர்ஸ்களில் பெரும்பாலும் எஸ்க்யூஎல் இல்லாத டேட்டாபேஸான மோங்கோ டிபியில் தொடங்கிவிடுவதால் எஸ்க்யூஎல் பின்னுக்குப் போய்விடுகிறது. நேர்காணலில் எஸ்க்யூஎல்லின் ஜாயின், குரூப் பை கேட்கும்போது அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட் எப்படியும் கொஞ்சம் வேண்டும், ஒரு ஃபார்மிலிருந்து சர்வருக்குத் தகவல் அனுப்பி, வந்த பதிலைத் திரையில் காட்டும் அளவுக்கு. அதற்கு மேல் இப்போது வேண்டாம்.

மூன்றில் எதுவும் மனதில் நிற்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மூன்றிலும் முதல் வாரப் பாடத்தையே திரும்பத் திரும்பப் படித்திருப்பீர்கள். முதல் வாரப் பாடம் எல்லாவற்றிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: வேரியபிள், லூப், ‘ஹலோ’ என்று ஒரு பக்கம். வித்தியாசமும் பிடிப்பும் உண்மையான ஒரு வேலையைச் செய்யும்போதுதான் தெரியும். அதனால் நான்கு மாதத்துக்கு ஒரே ஒரு அப்ளிகேஷன் கட்டுங்கள். நூலக மேலாண்மை, மாணவர் வருகைப் பதிவு எல்லாம் வேண்டாம், நேர்காணல் எடுப்பவர் அதை எத்தனையோ முறை பார்த்திருப்பார். பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கமிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு போவது உங்களுக்குத் தெரியும். ஒரு கமிஷன் மண்டியின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: விவசாயி, வந்த சரக்கு, எடை, விலை, கமிஷன், ஏற்றுக்கூலி, கொடுத்த முன்பணம், பாக்கி. தெரிந்தவர் மண்டியில் இருந்தால் ஒரு நாள் உட்கார்ந்து அவர்கள் சிட்டை எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

இந்த அப்ளிகேஷனில் ஒரே ஒரு வரியை எடுத்துக் காட்டுகிறேன், பிளாட்ஃபார்ம் வித்தியாசம் என்பது என்னவென்று புரியும். கத்தரிக்காய் 37.35 கிலோ, கிலோ 18 ரூபாய் 40 காசு. 687 ரூபாய் 24 காசு வருகிறது. கமிஷன் 8 சதவீதம் என்றால் 54.9792. இதை 54 ரூபாய் 98 காசு என்று எழுத வேண்டும்.

ஜாவாவில் காலேஜில் சொல்லிக்கொடுத்தபடி ‘டபுள்’ என்ற எண் வகையைப் போட்டால் தப்பு. டபுள் தசமத்தைச் சரியாக வைத்துக்கொள்ளாது, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். ஒரு சிட்டையில் தெரியாது, மாதக் கடைசியில் பாக்கி சில காசு இடிக்கும், எங்கே என்று தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பிக்டெசிமல் என்ற தசம வகையைப் பயன்படுத்த வேண்டும். அதிலும் மூன்று இடத்தில் வழுக்கும். ஒன்று, எண்ணை மேற்கோளுக்குள் எழுத்தாகக் கொடுத்து உருவாக்க வேண்டும். டபுளாகக் கொடுத்தால் அந்தப் பிழையும் கூடவே உள்ளே வந்துவிடும். இரண்டு, ஈக்வல்ஸ் வைத்து ஒப்பிட்டால் 2.0-வும் 2.00-வும் வேறு வேறு என்று சொல்லும். கம்பேர்டூ வைத்து ஒப்பிட வேண்டும். மூன்று, 100-ஐ 3-ஆல் வகுக்கச் சொல்லி, எத்தனை இலக்கம், எப்படி முழுமையாக்குவது என்று சொல்லாவிட்டால் எக்ஸப்ஷன், அதாவது பிழை, எறிந்து நின்றுவிடும்.

சி ஷார்ப்பில் டெசிமல் என்று தனி வகையே உண்டு. சாதாரணமாகக் கூட்டல், பெருக்கல் குறி போட்டு எழுதலாம். ஆனால் அங்கே வேறு குழி. ரவுண்ட் என்று மட்டும் எழுதினால் சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்து இரட்டை எண்ணுக்குத் தள்ளும்: 12.345 என்பது 12.34 ஆகும், மண்டிக்காரர் எதிர்பார்ப்பது 12.35. எந்த முறையில் முழுமையாக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நோடில் தசமத்துக்குத் தனி வகை கிடையாது. எல்லாத் தொகையையும் காசாக மாற்றி முழு எண்ணாக வைத்துக்கொள்வார்கள், அல்லது தனி லைப்ரரி சேர்ப்பார்கள். மூன்றிலும் டேட்டாபேஸ் டேபிளில் தொகையை வைக்கும் பத்தி நியூமெரிக் வகையாக, தசமத்துக்குப் பின் 2 இலக்கத்தோடு இருக்க வேண்டும். ஃப்ளோட் வைத்தால் மேலே செய்த கவனம் எல்லாம் வீண்.

இந்த ஒரு விஷயத்தை நேர்காணலில் தெளிவாகச் சொல்லிக் காட்டுகிற ஃப்ரெஷரை, பத்து கோர்ஸ் சான்றிதழ் வைத்திருப்பவரைவிட மதிப்பார்கள். இதைப் புரிந்துகொண்டவருக்கு ஜாவாவிலிருந்து சி ஷார்ப்புக்குப் போவது பெரிய மலை இல்லை, ஆறு வாரம் போதும். கன்ட்ரோலர், டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் இரண்டு பக்கமும் உண்டு. டேட்டாபேஸோடு பேச ஜாவாவில் ஹைபர்நேட் செய்வதை டாட் நெட்டில் என்டிட்டி ஃபிரேம்வொர்க் செய்யும். லைப்ரரிகளை இறக்கித் தரும் மேவன் இருந்த இடத்தில் நூகெட் இருக்கும்.

அடுத்தது டிரான்ஸாக்‌ஷன். சரக்கு வரவும் விவசாயி பாக்கியும் சேர்ந்தே பதிவாக வேண்டும். ஒன்று பதிவாகி இன்னொன்று விட்டுப்போனால் கணக்கு கெட்டது. ஸ்பிரிங்கில் மெத்தடுக்கு மேல் டிரான்ஸாக்‌ஷனல் என்று குறித்தால் போதும் என்பார்கள். போதாது. அதே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றை அழைத்தால் அந்தக் குறிப்பு வேலை செய்யாது, ஏனென்றால் ஸ்பிரிங் வெளியிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே இடைமறிக்கிறது. செக்டு எக்ஸப்ஷன் வந்தாலும் தானாக ரோல்பேக் செய்யாது, அதாவது பாதிப் பதிவைத் திரும்ப எடுக்காது, தனியாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் வேண்டுமென்றே தப்பாக எழுதி, பாதிப் பதிவு டேபிளில் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பாருங்கள். பிறகு திருத்துங்கள்.

விவசாயிகள் பட்டியல் பக்கத்தைத் திறக்கும்போது எஸ்க்யூஎல் லாகை ஆன் செய்து வையுங்கள். 200 விவசாயிக்கு 201 கேள்வி (குவெரி) டேட்டாபேஸுக்குப் போவதைப் பார்க்கலாம்: பட்டியலுக்கு ஒன்று, ஒவ்வொருவர் பாக்கிக்கும் ஒன்று. ஜாயின் ஃபெட்ச் போட்டு ஒரே கேள்வியாக்க வேண்டும். இந்த நோய் டாட் நெட்டிலும் வரும், மருந்தின் பெயர்தான் வேறு.

தனியாகப் படிப்பவர்களை அதிகம் நிறுத்திவைப்பது பதிப்புக் குழப்பம். 2022 நவம்பரில் ஸ்பிரிங் பூட் 3 வந்தபோது குறைந்தபட்சம் ஜாவா 17 வேண்டும் என்றாக்கினார்கள், ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பல பேக்கேஜ்களின் பெயர் ஜகார்த்தா என்று மாறியது. அதற்கு முந்தைய வீடியோவைப் பார்த்து அப்படியே தட்டினால் முதல் இம்போர்ட் வரியிலேயே சிவப்புக் கோடு விழும். செக்யூரிட்டி பாடத்தில் வெப் செக்யூரிட்டி கன்ஃபிகரர் அடாப்டர் என்ற கிளாஸிலிருந்து தொடங்கினால் அந்த வீடியோவை மூடிவிடுங்கள், அந்தக் கிளாஸையே எடுத்துவிட்டார்கள். டாட் நெட் பக்கம் இதே சோதனை: ஸ்டார்ட்அப் என்ற தனி ஃபைலில் எல்லாவற்றையும் எழுதச் சொன்னால் அது 6-ஆம் பதிப்புக்கு முந்தைய பாடம். எந்த வீடியோவையும் தொடங்குமுன் தேதியையும் பதிப்பையும் பாருங்கள். நீங்கள் ஜாவா 21 போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் பூட் 3 அல்லது அதற்கு மேல்.

லேப்டாப்பில் காலேஜ் காலத்து ஜாவா 8 இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால், எந்த ஜாவா என்று சொல்லும் ஜாவா ஹோம் என்ற செட்டிங் பழையதைக் காட்டிக்கொண்டிருக்கும். கிளாஸ் ஃபைல் வெர்ஷன் 65 என்றும் 52 வரைதான் தெரியும் என்றும் பிழை வந்தால் அர்த்தம் இதுதான்: 65 என்பது ஜாவா 21, 61 என்பது 17, 52 என்பது 8.

உங்கள் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் வரும். எல்லையில் மொபைல் சிக்னல் ஏறி இறங்கும். ஹாட்ஸ்பாட்டில் முதன்முறை மேவன் ஓடும்போது நூற்றுக்கணக்கான ஃபைல்களை இறக்கும். நடுவில் அறுந்தால் அந்தத் தோல்வியை நினைவில் வைத்துக்கொண்டு, நெட் திரும்பி வந்தபிறகும் மறுபடி முயலாமல் அதே பிழையையே காட்டும். உங்கள் கோடில் தப்பு தேடாதீர்கள். மேவன் கமாண்டோடு கழித்தல் குறியும் பெரிய ‘யு’வும் சேர்த்து ஓட்டினால் கட்டாயமாக மறுபடி இறக்கும். ஜிப் பிழை என்று வந்தால் ஃபைல் பாதியில் அறுந்திருக்கிறது; ஹோம் ஃபோல்டருக்குள் மேவன் சேமிக்கும் இடத்தில் அந்த லைப்ரரியின் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முதல் பில்டை நல்ல வைஃபை உள்ள இடத்தில் முடித்துவிட்டால் பிறகு பெரும்பாலும் நெட் இல்லாமலேயே வேலை நடக்கும்.

லேப்டாப்பில் முதலில் மாற்ற வேண்டியது ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். இதுதான் உங்களுக்குத் தெரியப்போகும் பெரிய வித்தியாசம். ராம் 8 ஜிபி போதும், கவனமாக இருந்தால்: இன்டெல்லிஜேயின் இலவசப் பதிப்பு, டேட்டாபேஸ், நான்கைந்து டேப்போடு பிரவுசர். டாக்கர் டெஸ்க்டாப் வேண்டாம், போஸ்ட்கிரஸை நேராக இன்ஸ்டால் செய்யுங்கள். டாட் நெட் எடுக்க நேர்ந்தால் இந்த மெஷினில் விஷுவல் ஸ்டுடியோவுக்குப் பதில் விஎஸ் கோட்.

நேரத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் ஆறு வாரம் ஸ்பிரிங் பக்கமே போகாதீர்கள். கலெக்‌ஷன்ஸ், எக்ஸப்ஷன், ஸ்டிரிங், பிக்டெசிமல். கூடவே தினம் அரை மணி நேரம் எஸ்க்யூஎல். மண்டிக் கணக்கை முதலில் கமாண்ட் விண்டோவின் கருப்புத் திரையில் ஓடும்படி எழுதுங்கள், டேட்டாபேஸ் கூட இல்லாமல். அடுத்த நான்கு மாதம் அதையே ஸ்பிரிங் பூட்டுக்குக் கொண்டுபோய், டேட்டாபேஸ், லாகின், டெஸ்ட், ஒரு எளிய முன்பக்கம் என்று வளர்த்துவாருங்கள். மூன்றாம் மாதத்திலிருந்தே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள், முழுதாக முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தினம் ஒரு லாஜிக் கணக்கு எழுதிப் பாருங்கள். தென்காசியானாலும் கழக்கூட்டமானாலும் முதல் சுற்றில் அதுதான்.

கிட் முதல் நாளிலிருந்தே வேண்டும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ப்ராபர்ட்டீஸ் ஃபைலில் எழுதி, கோடை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பில் ஏற்றிவிடுவது எல்லோரும் செய்யும் தப்பு. அடுத்த கமிட்டில் அழித்தாலும் ஹிஸ்டரியில் இருக்கும், பாஸ்வேர்டையே மாற்ற வேண்டும். ஏஐ கருவிகளிடம் பிழைச் செய்தியைக் கொடுத்து விளக்கம் கேளுங்கள், நல்ல பயன். கோடை மட்டும் இந்த ஆறு மாதம் நீங்களே எழுதுங்கள். நேர்காணலில் உங்கள் புராஜெக்டைத் திறந்து ‘இந்த வரி எதற்கு’ என்றுதான் கேட்பார்கள்.

இனி அந்த 45,000 ரூபாய். இப்போது கட்டாதீர்கள். போன் செய்து நான்கு கேள்வி கேளுங்கள். டாட் நெட்டில் எந்தப் பதிப்பு சொல்லிக்கொடுக்கிறீர்கள்? 8, 10 என்று எண் சொல்லாமல் ‘லேட்டஸ்ட்’ என்றாலோ, வெப் ஃபார்ம்ஸ், எம்விசி 5 என்றாலோ விட்டுவிடுங்கள். போன பேட்ச் மாணவர் ஒருவர் செய்து, இப்போது இணையத்தில் ஓடிக்கொண்டிருக்கும் புராஜெக்ட் ஒன்றைக் காட்ட முடியுமா? என் கோடை வாரம் எத்தனை முறை, யார் படித்துப் பார்ப்பார்கள்? வேலை கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம், எத்தனை நாளில் திரும்ப வரும்? நான்குக்கும் பதிலை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். பாண்ட் கேட்டாலோ, ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலோ அதற்குமேல் பேச வேண்டாம். மெயில் வந்தால் அதை அண்ணனிடம் காட்டி முடிவு செய்யுங்கள். அவர் அதே ஊரில் இருக்கிறார், ஒருமுறை நேரில் போய் வகுப்பைப் பார்த்துவரவும் முடியும். வராவிட்டால் எஸ்எஸ்டிக்கும் நல்ல நெட் கனெக்‌ஷனுக்கும் மட்டும் செலவு செய்யுங்கள், மீதியை வேலை கிடைத்ததும் ஹாஸ்டல் அட்வான்ஸுக்கு வைத்திருங்கள்.